83 தாள் வேஸ்ட்

பொங்கல் கழிந்துவிட்டால் சிவகாசி அச்சகங்களில் ஓர் அமைதி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆடி 18 அன்று காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளியிட்டதில் இருந்து மூச்சுவிடாமல் ஓடும் காலண்டர் வேலை தை பிறந்ததும் அடங்கும். இரவு ஷிப்ட் இல்லை. மாலை ஆறரைக்கே வீட்டுக்கு வந்து நிற்கும் மனிதனை என்ன செய்வது என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது, அந்த மனிதனுக்கும் தெரியாது. அப்படி ஒரு ஜனவரி மாலையில், மகள் விடுதிக்குப் போகும்போது பரண் ஓரம் போட்டுவிட்டுப் போன வாட்டர் கலர் பெட்டி கையில் கிடைத்தது. 12 கட்டிகள். கறுப்பு மட்டும் பாதி தேய்ந்திருந்தது. மற்றவை ஏறக்குறையப் புதிது.

எனக்கு 49 வயது. 27 ஆண்டுகளாக ஆப்செட் அச்சகத்தில் பிளேட் பிரிவில் வேலை. ஒரு முருகன் படத்தை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலாகப் பிரித்து, புள்ளி புள்ளியாக அலுமினிய பிளேட்டில் ஏற்றித் தருவேன். ஆயிரம் முருகன் என் கை வழியாகப் போயிருப்பார்; ஒரு மயிலிறகைக்கூட நான் வரைந்ததில்லை.

அச்சகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை தாள் வேஸ்ட் என்று எழுதிவைப்போம். அதே பழக்கத்தில், வரைந்த தாள் ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண், தேதி, தாள் வகை, என்ன கோளாறு என்று குறித்துவைத்தேன். ஆடி பிறப்பதற்குள் 96 தாள் ஆகியிருந்தன. அதில் 83 வேஸ்ட். இது பெரும்பாலும் அந்த 83இன் கணக்கு.

தாள் 1 முதல் 46 வரை

முதல் கோளாறு தாளில் இருந்தது. தாளைப் பற்றி எனக்கே பாடமா என்ற திமிர்தான் அதற்குக் காரணம்.

நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். 300 ஜிஎஸ்எம்தானே, அச்சகத்தில் கட்டிங் போக மிஞ்சிய ஆர்ட் கார்டு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. பத்துத் துண்டு கேட்டு வாங்கி வந்தேன். ஆர்ட் கார்டின் மேல் சீனக் களிமண் பூச்சு இருக்கும். மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று பளபளக்க வேண்டும் என்பதற்காகப் பூசுவது. அந்தப் பூச்சின் மேல் நீலத்தை இழுத்தேன். சேம்பிலையில் விட்ட தண்ணீர் போல் உருண்டு உருண்டு நின்றது. காய்ந்த பிறகு இன்னொரு முறை தூரிகை பட்டதும், கீழே இருந்த நீலம் முழுவதும் கிளம்பி வந்துவிட்டது. பத்துத் தாளின் முதுகிலும் ஒரே குறிப்பு: "ஒட்டவில்லை."

அடுத்து மேப்லித்தோ, 120 ஜிஎஸ்எம். பூச்சில்லாத தாள், நோட்டுக்கும் பில் புத்தகத்துக்கும் போவது. இது நேர்மாறு. வைத்த நிறத்தை வைத்த இடத்திலேயே குடித்துவிட்டது. விளிம்பைக் கரைக்க நேரமே தரவில்லை. அதோடு அப்பளம் போல் நெளிந்து, பள்ளத்தில் எல்லாம் நிறம் தேங்கியது. எட்டுத் தாள் போயின. பிறகு பள்ளிப் பிள்ளைகளின் டிராயிங் நோட்டில் ஆறு. அதில் மூன்றாவது முறை தேய்த்ததும் தாளின் தோலே உரிந்து, ரப்பர் துகள் போல் திரிதிரியாக வந்தது.

மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், நீர்வண்ணத்துக்கென்றே விற்கும் 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று வாங்கினேன். மேற்பரப்பில் நல்ல சொரசொரப்பு. நெளியவும் இல்லை. இதிலும் வரவில்லை என்றால் கோளாறு என் கையில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 22 தாள் வரைந்தேன். வானம் எல்லாம் வரி வரியாகக் காய்ந்தது. ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை ஏற்றினால் கீழே உள்ளது கலங்கியது. ஆக, கைதான் என்று உறுதியானது.

அந்த 22இல் 41ஆவது தாள் ஒரு பனிமலை. அந்திச் சூரியன் பட்டு மலை முழுவதும் ரோஸ் நிறம். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் சீனரி. எங்கள் ஊரில் யாரும் நேரில் பார்த்திராத பனிமலையை ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் அச்சடித்து, அதைப் பார்த்திராத இன்னும் பல ஊர்களுக்கு அனுப்புகிறோம். காலண்டரில் சாமி படம் என்றால் பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) வழி வந்த முகங்கள். அந்தச் சிரிப்பை நகலெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பனிமலைக்கு முகம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அதைத் தேர்ந்தேன். முதுகில் "வேஸ்ட், வரிகள்" என்று எழுதி ஓரம் வைத்தேன். என் மனைவி அதை எடுத்து ஃபிரேம் போட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டார். "வரி எல்லாம் கிட்டப் போனால்தான் தெரிகிறது" என்பது அவர் வாதம்.

நாக்கு நுனி

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். பிப்ரவரி கடைசியில் 46 தாளையும் ஒரு பழைய பிளேட் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படங்களை அவர் பார்க்கவே இல்லை. கடைசித் தாளின் வரையாத மூலையை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். தாள் நாக்கோடு ஒட்டிக்கொண்டது.

"பசை போதாது தம்பி" என்றார். "எடையைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்."

பிறகு பெட்டிக்குள் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதே 300 ஜிஎஸ்எம். ஆனால் மரக்கூழ் இல்லை, முழுக்கப் பருத்தி நார். என்னையும் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒட்டவில்லை. நீர்வண்ணத் தாளில் ஜெலட்டின் போன்ற பசையைக் கூழிலும் கலப்பார்கள், காய்ந்த தாளின் மேலும் ஏற்றுவார்கள். அந்தப் பசைதான் தண்ணீரைச் சற்று நேரம் மேலே நிறுத்திவைத்து மெதுவாக உள்ளே விடுவது. ஆர்ட் கார்டு உள்ளே விடவே இல்லை, மேப்லித்தோ வாசலிலேயே விழுங்கிவிட்டது. மதுரை அட்டை, நிறுத்திவைப்பது, உள்ளே விடுவது இரண்டையும் மேலோட்டமாக நடித்துக் காட்டியது. பருத்தி நார் நீளமானது என்பதால் நனைத்து, துடைத்து, மறுபடி நனைத்தாலும் தோல் உரியாது.

எச்சரிக்கையும் சொன்னார். ஈரக்காற்றில் திறந்துகிடக்கும் தாளில் பசை கெட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாது, நிறம் வைத்த பிறகு அம்மைத் தழும்பு போல் புள்ளி புள்ளியாகத் தெரியும். சென்னையில் படித்த காலத்தில் மழை மாதத்தில் அப்படி ஒரு கட்டுத் தாளை இழந்தாராம். எங்கள் ஊர்க் காற்றுக்கு அந்தப் பயம் குறைவு. ஆனாலும் பாலித்தீன் உறையில்தான் வைக்கிறேன்.

முழுத்தாள் 22க்கு 30 அங்குலம். விலையைக் கேட்டதும் இரண்டு நாள் காய்கறிச் செலவு மனதுக்குள் ஓடியது. எட்டாகப் பிரித்தால் ஏழரைக்குப் பதினொன்று அளவில் எட்டுத் துண்டு வரும் என்று கணக்குப் போட்டுச் சமாதானம் செய்துகொண்டேன். கட்டிங் மெஷினில் வெட்டிவிடலாம் என்று கிளம்பினால் மாஸ்டர் விடவில்லை. மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, திருப்பி மடித்து, ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கிழித்தார். அரை மில்லிமீட்டர் பிசகினால் பண்டலையே திருப்பி அனுப்பும் தொழிலில் இருப்பவன் முன்னால் தாளைக் கையால் கிழிப்பது கொஞ்சம் கொடுமைதான்.

47ஆவது தாள். அதே பிள்ளைகள் பெட்டி, அதே பத்தாம் எண் நைலான் தூரிகை, அதே கை. வானம் வரி இல்லாமல் படிந்தது. மகிழ்ச்சி வரவில்லை. 46 தாளுக்கும் சேர்த்துக் கோபம்தான் வந்தது. இதைப் படிப்பவர் யாராவது புதிதாகத் தொடங்கப்போகிறவர் என்றால், வண்ணத்தில் கஞ்சத்தனம் காட்டுங்கள், தூரிகையில் காட்டுங்கள், தாளில் மட்டும் வேண்டாம். எட்டுத் துண்டில் எதிர்ப்பக்கத்தையும் பயன்படுத்தினால் பதினாறு.

மூன்று தீப்பெட்டி

ஒரே நிறத்தை ஒரு சதுரத்தில் ஒரே சீராகப் பரப்புவதுதான் மாஸ்டர் கொடுத்த முதல் வேலை. பதினோரு தாள் இதற்கே போனது. எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பலகையின் மேல்பக்கம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். முட்டுக்கொடுக்க எங்கள் ஊரில் பஞ்சமா, மூன்று தீப்பெட்டியை அடுக்கி வைத்தேன். தேவைக்கு இரண்டு மடங்கு நிறத்தை முதலிலேயே கிண்ணத்தில் கரைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கரைத்தால் அதே நிறம் வராது. அதற்குள் விளிம்பும் காய்ந்துவிடும். தூரிகையை முழுக்க நனைத்து இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இழுத்த பட்டையின் கீழ் விளிம்பில் நிறத்தண்ணீர் திரண்டு, கூரை ஓரத்து மழைத்துளி போல் விழாமல் தொங்கும். அடுத்த இழுப்பு அந்தத் திரட்சியின் அடிப்பக்கத்தை மட்டும் தொட வேண்டும். தொட்டதும் அது சரிந்து புதுப் பட்டையின் விளிம்புக்கு வந்துவிடும். இப்படியே கடைசிவரை அதைக் கீழே ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

மேலே ஏதாவது ஓர் இடத்தில் வெளிறலாகத் தெரியும். கை தானாக அங்கே போகும். போகக்கூடாது. என் பதினொன்றில் ஏழு, இந்த ஒரு ஆசையில் போனவை.

கடைசிப் பட்டையில் திரண்டு நிற்பதைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் மேலே காய்ந்த பிறகும் அங்கே தண்ணீர் நிற்கும். அது மெல்ல மேல்நோக்கி ஊர்ந்து, அரைகுறையாகக் காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலிபிளவர் ஓரம் போல் ஒரு கறையை விட்டுவிட்டுத்தான் அடங்கும். சுற்றிலும் உள்ள ஈரத்தைவிடத் தூரிகையில் தண்ணீர் கூடுதலாக இருந்தால் எங்கே தொட்டாலும் இந்தக் கதைதான்.

ஈரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் பிடித்தது. அதற்கு வழி அச்சகத்திலேயே இருந்தது. ஆப்செட் பிளேட்டில் மையோடு தண்ணீரும் ஓடும். மெஷின்மேன் பிளேட்டை நேராகப் பார்க்கமாட்டார். தலையைச் சாய்த்து, வெளிச்சத்தின் மினுக்கத்தை வைத்தே தண்ணீர் கூடுதலா குறைவா என்பார். தாளையும் அப்படிப் பார்த்தேன். குளம் போல் பளபளக்கும்போது நிறத்தை விட்டால் இஷ்டத்துக்கு ஓடும். பட்டுத்துணி மினுக்கம் வந்தால் ஓரம் மட்டும் மென்மையாகப் பரவும். மேகத்துக்கும் தூரத்து மரத்துக்கும் இதுதான் நேரம். மினுக்கம் போய், ஆனால் புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிந்தால், தாளைத் தொடாமல் எழுந்து போய்விட வேண்டும். குளிர்ச்சியும் போனால் அடுத்த நிறம்.

வறண்ட காற்றும் பழைய பிளேட்டும்

மழை குறைந்த வறண்ட காற்றை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் எங்கள் ஊரில் வேர்பிடித்தன. தீக்குச்சி காய்வதற்கு எது வரமோ அதுவே எனக்குச் சாபம். மார்ச் பாதியிலேயே, பட்டுத்துணி மினுக்கம் வந்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பதற்குள் தாள் காய்ந்திருக்கும். மின்விசிறியை நிறுத்தினால் வியர்வைத் துளி தாளில் விழுகிறது. 58, 59, 63 மூன்றிலும் முதுகுக் குறிப்பு "வியர்வை."

இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். இன்னொன்று, பலகையை மாற்றினேன். தாளை இரு பக்கமும் நனைத்து, தண்ணீர் உறிஞ்சாத ஒரு தளத்தின் மேல் போட்டால் அடியில் உள்ள ஈரம் மேலே வந்துகொண்டே இருக்கும் என்றார் மாஸ்டர். கண்ணாடி வாங்கச் சொன்னார். அதற்கு எதற்குச் செலவு? ஓடி முடித்த அலுமினிய பிளேட் எடைக்குப் போவது எங்களிடம் குவிந்து கிடக்கிறது. ஒன்றை வாங்கி வந்து, மையைத் துடைத்துக் கழுவி, ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டினேன். பிளேட்டின் ஓரம் பிளேடுதான். நாலு பக்கமும் டேப் சுற்றுவதற்கு முன் இடது கட்டைவிரலைக் கொடுத்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். நனைந்த தாள் அதன் மேல் டேப்பே இல்லாமல் பல்லி போல் ஒட்டிக்கொள்கிறது. மூன்று நிமிடத்தில் காய்ந்தது இப்போது பதினைந்து நிமிடம் தாங்குகிறது.

தண்ணீரையும் மாற்றினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. இருண்ட நிறம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்தது. கேன் தண்ணீருக்கு மாறியதும் நின்றது. குவளை இரண்டு வேண்டும், ஒன்று தூரிகை கழுவ, மற்றொன்று நிறம் கரைக்க.

வெள்ளைக் கட்டி

மாஸ்டர் என் வண்ணப்பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கட்டியை நகத்தால் கிளப்பி எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். "இதை வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் வேண்டாம்."

அதுவரை வெளிச்சம் எங்கே வேண்டுமோ அங்கே வெள்ளையை அப்பிக்கொண்டிருந்தேன். நிறம் வெளிற வேண்டும் என்றால் வெள்ளையைக் கலந்துகொண்டிருந்தேன். எல்லாம் சுண்ணாம்பு கலந்த மோர் போல் ஆனது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது தெருவிலேயே நின்றுவிட்டேன். ஆப்செட்டில் வெள்ளை மை ஏது? நாலு மையில் ஒன்றும் வெள்ளை இல்லை. முருகன் வேலின் பளபளப்பு, மயிலின் கண், விபூதிப் பட்டை எல்லாம் பிளேட்டில் புள்ளியே இல்லாமல் விட்ட இடம். வெள்ளை என்பது தாள். வெளிர் ரோஸ் என்றால் மெஜந்தாவின் புள்ளிகளைச் சிறிதாக்கித் தாளைக் கூடுதலாகக் காட்டுவோம், அவ்வளவுதான். மைகளும் ஒன்றின் வழியே ஒன்று தெரியும் ரகம். 27 ஆண்டுகளாக நாளுக்கு எட்டு மணி நேரம் செய்யும் வேலை. அதையேதான் அவர் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார். நானோ வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளே அச்சகத்துப் பாணியில் டின்ட் பட்டை ஒன்று போட்டேன். 10 சதவீதத்தில் தொடங்கி 100 வரை பத்துக் கட்டம், அல்ட்ராமரைன் நீலத்தில், தண்ணீரை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தேன். காய்ந்ததும் அச்சிட்ட பட்டையோடு வைத்துப் பார்த்தால் 50 என்று வைத்த கட்டம் 35க்குக் கீழே இறங்கியிருந்தது. ஆப்செட் மையும் காய்ந்தால் சற்று மங்கும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. இப்போது வைக்கும்போதே கண்ணுக்குக் கூசும் அளவுக்கு அடர்த்தியாக வைக்கிறேன். முதலில் கை நடுங்கியது.

பிறகு பெட்டியை ஓரம் கட்டிவிட்டு ஆறு ட்யூப் வாங்கினேன். ட்யூப்பின் முதுகில், உள்ளே என்ன நிறமி என்று பொடிப் பொடியாக ஒரு குறியீடு இருக்கும். பெயரைவிட அதை நம்பலாம். பிபி 29 என்றால் அல்ட்ராமரைன். பிபிஆர் 7 என்றால் பர்ன்ட் சியன்னா போன்ற மண் நிறம். இந்த இரண்டையும் கலந்தால், நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், மண் கூடினால் வெதுவெதுப்பான சாம்பல், கெட்டியாக வைத்தால் கறுப்பே வருகிறது. கறுப்பு ட்யூப் வாங்கவில்லை. அல்ட்ராமரைன் துகள் கனமானது. தாளின் குழிகளில் இறங்கி உட்கார்ந்து மணல் போல் தெரியும். பிபி 15 என்ற தாலோ நீலம் அப்படி இல்லை. நாங்கள் ஓட்டும் சயான் மையும் அதே குடும்பம்தான். பிடித்தால் விடாது. அதை என் சட்டைகள் சொல்லும்.

வாளிக்குள் படம்

மாஸ்டர் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. 1929இல் அதற்குப் பொறுப்பேற்று வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். அபனீந்திரநாத்தோ, 1903இல் கல்கத்தாவுக்கு வந்த ஜப்பான் ஓவியர்களின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். வரைந்த படம் காய்ந்ததும் அப்படியே தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, காயவைத்து, மறுபடி நிறம் ஏற்றி, மறுபடி அமிழ்த்துவது, இரு நாட்டு வழியும் கலந்து உண்டான முறை. நிறம் எல்லாம் பனிக்குள் இருப்பது போல் மெத்தென்று ஆகும்.

கேட்டதும் எனக்குக் கை ஊறியது. 70ஆவது தாளில் பிள்ளைகள் பெட்டி நிறத்தால் ஒரு வேப்பமரம், 71இல் ட்யூப் நிறத்தால் அதே மரம். இரண்டையும் ஒரு நாள் காயவைத்துக் குளியலறை வாளியில் அமிழ்த்தினேன். 70இல் மரம் இருந்த இடம் தெரியவில்லை. வாளித் தண்ணீர் மட்டும் பச்சையாக இருந்தது. 71இல் அல்ட்ராமரைன் பாதி போனது, மண் நிறம் மங்கியது, தாலோ ஒரு சொட்டும் நகரவில்லை. காய்ந்த பின் அதன் மேல் இலைகளை வைத்தேன். இரண்டாம் முறை அமிழ்த்தினேன். பின்னால் இருந்த இலைகள் விடியல் மூட்டத்தில் இருப்பது போல் ஆகிவிட்டன. வேஸ்ட் அல்லாத 13இல் முதலாவது இதுதான். வாளியை ஏன் கழுவவில்லை என்ற பஞ்சாயத்து தனி.

நுங்கு

மே மாதம் நுங்கு வந்துவிட்டது. பனிமலையை விட்டுவிட்டுக் கண்ணுக்கு முன்னால் இருப்பதை வரையுங்கள் என்று மாஸ்டர் நச்சரித்துக்கொண்டிருந்தார். நாலு நுங்கைச் சுளையாக எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்து எதிரே உட்கார்ந்தேன்.

நுங்கை வெள்ளை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் அதில் வெள்ளை என்று ஓர் இடம் இருந்தால் மூன்று கடுகளவு. மேல்தோல் வெளிர் சந்தனம். அது சுருங்கும் ஓரத்தில் பழுப்பு, பழுப்புக்குள் கத்தரிப்பூ நிறம் இழையோடுகிறது. தோல் கிழிந்த இடத்தில் உள்ளே சாம்பல். அந்தச் சாம்பல் வழியாகத் தட்டின் விளிம்பு வளைந்து தெரிகிறது. வெயில் படும் பக்கம் இருட்டாகவும், எதிர்ப்பக்கம் வெளிச்சமாகவும் இருந்தது. முதலில் கண்ணை நம்பவில்லை. பிறகுதான் புரிந்தது: உள்ளே தண்ணீர் இருக்கிறது, வெளிச்சம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் சேர்கிறது.

முதல் நாலும் வேஸ்ட். ஒன்றில் சோழி வந்தது, ஒன்றில் கோழிமுட்டை. எங்கே தவறு என்றால் நுங்குக்குச் சுற்றிலும் பென்சில் கோடு போட்டு, கோட்டுக்குள் நிறத்தை நிரப்பினேன். நுங்குக்கு ஏது கோடு?

ஐந்தாவதில் முதலில் அந்த மூன்று கடுகுகளை மட்டும் பென்சிலால் புள்ளிவைத்துக்கொண்டு, அவற்றைத் தொடாமல் மற்ற இடம் முழுவதும் வெறும் தண்ணீர். பட்டுத்துணி மினுக்கம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்ததும் ஓரத்தில் மட்டும் எல்லோ ஆக்கர் என்ற மஞ்சள் மண் நிறத்தைத் தொட்டேன். அது தானாக உள்நோக்கிப் பரவி, நடுவில் போய்ச் சேராமல் நின்றது. இன்னும் ஈரம் இருக்கும்போதே கீழ் ஓரத்தில் பர்ன்ட் சியன்னா, அதன் அருகிலேயே ஒரு துளி அல்ட்ராமரைன். இரண்டும் தாளிலேயே கலந்து அந்தக் கத்தரிப்பூ நிறம் வந்தது; கிண்ணத்தில் கலந்து நாலு முறை வராதது. எழுந்து போய்க் காபி குடித்தேன். திரும்பி வந்து, புறங்கை வைத்துக் குளிர்ச்சி இல்லை என்று பார்த்து, தட்டின் நிழலை வெளிப்பக்கம் அடர்த்தியாக வைத்தேன். வைத்ததும் உள்ளே ஒன்றும் செய்யாமலேயே நுங்கு எழுந்து உட்கார்ந்தது. கோடு போட்டுத் தேடிய விளிம்பை நிழல் கொண்டுவந்துவிட்டது.

அதற்குள் நுங்கில் எறும்பு ஏறியிருந்தது. மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதில் எறும்பு இல்லையே" என்றாள். எறும்பைத் தட்டிவிட்டு மாடலைச் சாப்பிட்டாள்.

ஆடி 18

ஒன்றை விட்டுவிட்டேன். மார்ச் தொடக்கத்தில் ஒரு தாளில் பெட்டியின் கட்டிகளையும் ட்யூப்களையும் ஒரு விரல் அகலத்தில் கோடு கோடாக இழுத்து, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, தெற்கு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தேன். டீக்கடைச் சுவரில் இரண்டு வருடம் தொங்கிய காலண்டரைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். மஞ்சளும் மெஜந்தாவும் போய், சாமி நீலமாகவே நிற்பார். கடைக்காரர்கள் அதை அச்சகத்தின் குறை என்பார்கள். வெயிலில் நிற்கும் நிறம் எது, ஓடும் நிறம் எது என்பது மையிலேயே இருக்கிறது.

ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் பூஜை முடிந்து, அதிரசப் பொட்டலத்தோடு மதியமே வீட்டுக்கு வந்தேன். நாளையில் இருந்து இரவு ஷிப்ட். ஜன்னல் கம்பியில் இருந்து தாளை அவிழ்த்து அட்டையை எடுத்தேன். மண் நிறங்கள் இரண்டும் அசையவில்லை. அல்ட்ராமரைன், தாலோ அப்படியே. பிவி 19 என்று போட்டிருந்த ட்யூப் ரோஸில் மூடிய பக்கத்துக்கும் மூடாத பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெட்டியில் இருந்த ரோஸ் கட்டி மட்டும், அட்டை இருந்த கோட்டோடு கத்தரித்தது போல் நின்றது. அதற்கு மேல் வெறும் தாள், ஓரத்தில் மட்டும் லேசான அழுக்கு மஞ்சள்.

தாளோடு கூடத்துக்கு வந்தேன். எதிர்ச்சுவரில் 41ஆவது தாள். பனிமலையின் அந்தி அந்தக் கட்டியில் வரைந்ததுதான். நாள்தோறும் பார்ப்பதால் யாரும் கவனிக்கவில்லை. ரோஸ் மொத்தமும் போய், மலை வெளேரென்று இருந்தது. பெட்டியின் நீலம் மட்டும் நிழலில் அப்படியே நின்றது. வரிகளையும் காணவில்லை.

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"மாட்டும்போது சாயங்காலமாக இருந்தது" என்றார். "இப்போது அங்கே மத்தியானம் ஆகிவிட்டது. இருக்கட்டும், கழற்ற வேண்டாம்."